பயோடெக் கம்பனிகள் கூடும் ஊர்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து வழி தேடுவோருக்கு

உயர்தரப் பெறுபேறு வரும் கிழமையில் எங்கள் வீட்டுப் படலை அடிக்கடி திறக்கும். பட்டம் முடித்த பிள்ளைகளும் தாய் தகப்பனோடு வருவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ரீச்சர், பிள்ளை பயோ படிச்சிருக்கு. இந்த டீ.என்.ஏ., தடுப்பூசி வேலையளுக்கு எந்த நாடு நல்லம்?" கேட்கும்போதே கனடாவில் சித்தப்பா, லண்டனில் பெரியம்மா என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

எந்த ஊர் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊருக்குள்ளும் எந்தப் பகுதி என்று கேட்பேன். பயோடெக் என்று சொல்லும் உயிரியல் தொழில்நுட்பக் கம்பனிகள் நாடு முழுக்கப் பரந்து கிடப்பதில்லை. அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு! ஆனால் இந்தத் துறையின் பெரிய குவியல்கள் பொஸ்டன் பக்கத்திலும், சான் பிரான்சிஸ்கோ குடாவைச் சுற்றியும், சான் டியேகோவிலுமே இருக்கின்றன. இந்தியாவில் ஹைதராபாத்தும் பெங்களூரும் முன்னுக்கு நிற்கின்றன. நாட்டை மட்டும் பார்த்து விசா எடுத்தவர்கள், வேலை இருக்கும் ஊருக்கு ஆயிரம் கிலோமீற்றர் தள்ளிப் போய் இறங்கியதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தவறு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு நடை

கம்பனிகள் ஏன் ஒரே இடத்தில் கூடுகின்றன என்பதைப் படிக்க விமானம் ஏறத் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பாமசிகள், இரத்தப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்கள், தனியார் மருத்துவமனைகள், வைத்தியரைச் சனல் பண்ணும் இடங்கள், மூக்குக்கண்ணாடிக் கடைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வாடகை கூடிய இடம் என்று தெரிந்தும் அங்கேதான் நிற்கிறார்கள். மாலையில் தனியாரில் நோயாளர் பார்க்கும் வைத்தியர் காலையில் பெரியாஸ்பத்திரியில் இருப்பவர். அவரால் நடந்து வரக்கூடிய தூரத்தில் எல்லாம் இருக்கவேண்டும். அவர் எழுதும் துண்டோடு நோயாளி நடக்கக்கூடிய தூரத்தில் ஆய்வுகூடம் இருக்கவேண்டும்.

அப்படியே கஸ்தூரியார் வீதிக்கும் கன்னாதிட்டிக்கும் போங்கள். நகைக்கடை ஒன்றிலிருந்து விலகிய பொடியன் ஒருவன் அடுத்த கிழமையே நாலு கடை தள்ளி வேலைக்கு நிற்பான். வீட்டையும் மாற்றவில்லை, பஸ்ஸையும் மாற்றவில்லை. முதல் கடையில் கற்ற கைவேலை இரண்டாவது கடைக்கு அவனோடு நடந்து போகிறது.

நிலைத்து நிற்கும் ஒரு பெரிய நிறுவனம், அதைச் சுற்றி வளரும் சிறு தொழில்கள், அவற்றுக்கிடையே நடந்து திரியும் மனிதர்கள். பொஸ்டனிலும் ஹைதராபாத்திலும் நடப்பது இதுவே. இப்படிக் கூடி நிற்பதைத் திரள் என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு பெட்டி ஐஸ்

மென்பொருள் செய்பவர் எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம். பயோடெக் அப்படி இல்லை. அதற்கான காரணத்தை என் கையாலேயே அறிந்துகொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். டீ.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதியம் ஒன்று தேவைப்பட்டது. சுண்டுவிரல் நுனியளவு குப்பி. உள்ளே இருந்த திரவம் ஒரு துளிதான். அதை −20 பாகையில் வைத்திருக்கவேண்டும். கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி இரவு பஸ்ஸில் அனுப்பினார்கள். பஸ் வழியில் பழுதாகி நின்று வெயில் ஏறிய பிறகுதான் யாழ்ப்பாணம் வந்தது. பெட்டியைத் திறந்தபோது ஐஸ் எல்லாம் வெறும் தண்ணீர். குப்பியில் ஒட்டியிருந்த லேபல் நனைந்து விரலோடு வந்துவிட்டது. ஆசை விடவில்லை, பாவித்துப் பார்த்தோம். டீ.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு பட்டைகள் தெரியவேண்டிய இடத்தில், வெட்டுப்படாத டீ.என்.ஏ. மேலே தடித்த ஒற்றைக் கோடாக நின்றது. மறுபடி எழுதிக் கேட்டு, காசு ஒப்புதலாகி, புதிய குப்பி வர ஐந்து கிழமை. அந்த ஐந்து கிழமையும் அந்த வேலை அப்படியே நின்றது.

பிறகு பெங்களூரில் சில மாதம் பயிற்சிக்கு இருந்தேன். ஒருநாள் பின்னேரம் அதேவகை நொதியம் முடிந்துபோனது. பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஐஸ் நிரப்பிய சிறு வாளியைக் கையில் தந்து, "மேல மாடியில போய் கேளு, தருவாங்க" என்றார். போனேன், வாங்கினேன், திரும்பி வந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தந்தவர் கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்: இந்த நொதியத்துக்கு அந்தக் கரைசலைப் பாவிக்காதே, பாதிதான் வெட்டும் என்று. அந்த ஒரு வசனம் எந்தக் கைந்நூலிலும் இருக்கவில்லை.

திரள் தருவது இந்த இரண்டையும்தான். பொருள் பக்கத்தில் கிடைக்கும். எழுதப்படாத கைப்பழக்கமும் பக்கத்தில் கிடைக்கும். உயிருள்ள கலங்களோடு செய்யும் வேலையில் பாதி அறிவு விரல்களில் இருக்கிறது. கலங்கள் வளரும் ஊடகம் எந்த நிறத்துக்கு மாறினால் அவை சோர்கின்றன, எவ்வளவு மெதுவாகக் குழாயை ஆட்டவேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழகமுடியும்.

வேர் எங்கே என்று தேடுங்கள்

ஓர் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டால் அங்குள்ள பெரிய கம்பனியின் பெயரைத் தேடவேண்டாம். முதலில் யார் வந்தார், எதனால் வந்தார் என்று தேடுங்கள். இரண்டு ஊர்களின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மற்ற ஊர்களை இவற்றோடு வைத்து நீங்களே அளக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே அதே பெயரில் இன்னொரு சிறு நகரம் இருக்கிறது: தென் சான் பிரான்சிஸ்கோ. இறைச்சி பதனிடுவதும் உருக்கு வேலையும்தான் அங்கே முந்திய பிழைப்பு. 'தொழில் நகரம்' என்று பெரிய எழுத்தில் மலைச்சரிவில் எழுதியது இன்றும் நிற்கிறது. 1973இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ வளாகத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் போயரும், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி கோஹனும் ஓர் உயிரியின் மரபணுவை வெட்டிப் பற்றீரியாவுக்குள் ஒட்டிப் பெருக்கும் முறையைக் காட்டினார்கள். 1976இல் ரொபேர்ட் சுவான்சன் என்ற இளம் முதலீட்டாளர் போயரைத் தொலைபேசியில் அழைத்துப் பத்து நிமிடம் கேட்டார். சந்திப்பு மூன்று மணிநேரம் நீண்டது. ஆளுக்கு 500 டொலர் போட்டு ஜெனென்டெக் என்ற கம்பனியைத் தொடங்கினார்கள். போயரின் ஆய்வுகூடத்திலிருந்து அதிகம் தள்ளிப் போகாமல், வாடகை குறைந்த தென் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பண்டகசாலையில் இடம் எடுத்தார்கள்.

அதுவரை சலரோகக்காரருக்கான இன்சுலினைப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுத்தார்கள். 1978இல் ஜெனென்டெக்கும் கூட்டாளிகளும் மனித இன்சுலினைப் பற்றீரியாவில் உண்டாக்கிக் காட்டினார்கள். 1982இல் அதற்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஒரு பேராசிரியரின் வேலைமேசையிலிருந்து ஒரு மருந்து ஆறேழு வருடத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அதைக் கண்ட பிறகு முதலீட்டாளர்கள் அந்தக் குடாவைச் சுற்றியே நின்றார்கள். பல்கலைக்கழகம், துணிந்து போட்ட காசு, மலிவான இடம் என்ற மூன்றும் வண்டி ஓட்டிப் போகும் தூரத்தில் இருந்தன. 1980இல் வந்த பே–டோல் சட்டமும் கைகொடுத்தது. அரச காசில் செய்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு கம்பனிகளுக்குக் கொடுக்கலாம் என்று அது வழிவிட்டது.

இரண்டாவது ஊர் பொஸ்டனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கேம்பிரிட்ஜ். 1976இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் மரபணு ஆய்வுகூடம் கட்ட முனைந்தபோது மேயர் அல்பிரட் வெலுச்சி கடுமையாக எதிர்த்தார். மாநகர சபை அந்த ஆய்வை நிறுத்திவைத்தது. பெரும்பாலும் சாதாரண ஊர்வாசிகளைக் கொண்ட ஒரு குழு மாதக்கணக்கில் இருந்து விசாரித்தது. 1977இல் சபை விதிகளை வகுத்துச் சட்டமாக்கியது. எதை எந்தப் பாதுகாப்போடு செய்யலாம் என்று எழுத்தில் இருந்ததால் கம்பனிக்காரருக்கு நம்பிக்கை வந்தது. ஜெனீவாவில் 1978இல் தொடங்கிய பயோஜென் என்ற கம்பனி 1982இல் அங்கே வந்து சேர்ந்தது. ஊர் எதிர்த்த இடத்திலேயே தொழில் வளர்ந்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். தெளிவான கட்டுப்பாடு தொழிலுக்கு எதிரி என்ற எண்ணத்தை அந்த ஊரைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

அங்குள்ள கென்டல் சதுக்கம் ஒரு காலத்தில் இனிப்பும் சவர்க்காரமும் செய்த தொழிற்சாலைகள் இருந்த இடம். இப்போது எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வாசலில் கம்பனிகள் வரிசையாக நிற்கின்றன. கென்டல் ரயில் நிலையத்தில் ஏறினால் பாலத்தைக் கடந்து அடுத்த நிறுத்தமே மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலை. ஆராய்பவர் ஒரு நிறுத்தத்தில், நோயாளி அடுத்த நிறுத்தத்தில். நோவார்டிஸ் போன்ற சுவிஸ் மருந்துக் கம்பனிகூட 2002இல் தன் ஆராய்ச்சித் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்தது. 2008இல் மாசசூசெட்ஸ் அரசு இந்தத் துறைக்கெனப் பத்து வருடத்துக்கு 100 கோடி டொலர் ஒதுக்கியது. ஆனால் அந்தக் காசு வரும்போது வேர் விட்டு முப்பது வருடமாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். கொரோனாத் தடுப்பூசி செய்த மொடேர்னா 2010இல் அங்கே தொடங்கியபோது மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

முதல் கம்பனியின் பிள்ளைகளை எண்ணுங்கள்

ஒரு திரள் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல வழி, முதல் கம்பனியிலிருந்து வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்று பார்ப்பது.

சான் டியேகோவில் 1978இல் ஹைபிரிடெக் என்ற கம்பனி தொடங்கியது. 1986இல் எலி லில்லி என்ற பெரிய மருந்துக் கம்பனி அதை வாங்கியது. பெரிய கம்பனியின் நடைமுறை பிடிக்காத பலர் வெளியேறினார்கள். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. அதே கடலோர மேட்டில், சோல்க் ஆய்வு நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில், ஆளுக்கொன்றாகப் புதிய கம்பனிகளைத் தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் இதற்கு ஒரு பழைய சட்டமும் துணை. வேலையை விட்டவர் போட்டிக் கம்பனியில் சேரக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதினாலும் அது அங்கே செல்லாது. 1872ஆம் ஆண்டிலிருந்தே அப்படி.

நம் பக்கத்தில் ஹைதராபாத்தைப் பாருங்கள். இந்திய அரசு 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். என்ற மருந்து நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று அங்கே வந்தது. மருந்து செய்யத் தெரிந்த ஒரு தலைமுறையை அது உருவாக்கியது. டொக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தொடங்கிய அஞ்சி ரெட்டி முன்னர் அங்கே வேலை செய்தவர். 1977இல் கல மூலக்கூற்று உயிரியல் ஆய்வு மையம் அங்கே வந்தது. சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் ஹெபடைடிஸ் பீ தடுப்பூசியை உள்நாட்டிலேயே மரபணு முறையில் செய்து மலிவாக்கியது. தமிழ்நாட்டுத் திருத்தணிக்காரரான கிருஷ்ணா எல்லா அமெரிக்காவிலிருந்து திரும்பி 1996இல் பாரத் பயோடெக்கைத் தொடங்கியதும் அங்கேதான். 1999இல் அரசு அங்குள்ள பயோடெக் பகுதிக்கு 'ஜீனோம் வேலி' என்று பெயர் வைத்தபோது, பெயருக்குத் தகுந்த ஆட்கள் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள்.

பெங்களூரின் கதை எங்கள் பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். 1978இல் கிரண் மசும்தார் வாடகைக்கு எடுத்த ஒரு கார்க் கொட்டிலில் பயோகொன்னைத் தொடங்கினார். முதல் உற்பத்திகளில் ஒன்று பப்பாசிப் பாலிலிருந்து எடுத்த பப்பேன் நொதியம். எங்கள் கிணற்றடிப் பப்பாசியிலும் ஊறும் அதே பால்.

உங்களுக்கு எட்டக்கூடிய ஊர்கள்

உலகப் படம் முழுவதையும் விரிக்கவேண்டாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உறவு, மொழி, காசு மூன்றிலும் எட்டக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

சென்னை பக்கத்தில் இருக்கிறது, பலாலியிலிருந்தே விமானம் போகிறது. தரமணியில் டைசெல் உயிரியல் தொழில்நுட்பப் பூங்காவும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்காவும் இருக்கின்றன. தமிழிலேயே வாழ்ந்து பழகிக்கொண்டு முதுமாணி படிக்க நல்ல இடம். ஆனால் தடுப்பூசி உற்பத்தியில் கைவைக்க விரும்பினால் ஹைதராபாத்துக்குத்தான் போகவேண்டும். நொதியம், உயிரியல் மருந்து என்றால் பெங்களூர்.

சிங்கப்பூர் அரசே திட்டமிட்டுக் கட்டிய திரள். 2003இல் புவனா விஸ்தா பகுதியில் பயோபொலிஸ் என்ற ஆய்வு வளாகம் திறந்தது. அரச ஆய்வு நிறுவனங்களும் கம்பனிகளும் பாலங்களால் இணைத்த கட்டடங்களில் ஒன்றாக இருக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகமும் அதன் வைத்தியசாலையும் கிட்ட. மருந்து உற்பத்தி மட்டும் தீவின் மேற்கு மூலையில் துவாஸில் நடக்கிறது.

ரொறன்ரோவை எம்மவர் ஸ்காபரோ என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பயோடெக் நடப்பது நகர நடுவில், கொலேஜ் வீதியும் யுனிவர்சிட்டி அவெனியூவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி. பல்கலைக்கழகம், சிறுவர் வைத்தியசாலை, பொது வைத்தியசாலை, மார்ஸ் என்ற கூட்டு ஆய்வுக் கட்டடம் எல்லாம் நடை தூரத்தில். இன்சுலினை 1921இல் பான்டிங்கும் பெஸ்டும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கண்டெடுத்தார்கள். சித்தப்பா வீட்டிலிருந்து பஸ்ஸும் சப்வேயுமாகத் தினமும் போய்வரலாம்.

லண்டன் விடயம் வேறு. ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ இருக்கும் பெரியம்மா வீடு ஆங்கிலேயக் கேம்பிரிட்ஜுக்குப் பக்கம் என்று எண்ணவேண்டாம். கிங்ஸ் குறொஸ்ஸிலிருந்து வேக ரயிலிலேயே ஏறத்தாழ 50 நிமிடம், ரயில் கட்டணமும் அதிகம். ஆனால் அந்த ஊர் அவ்வளவு பெறுமதி. 1975இல் ஒரே இலக்கைப் பிடிக்கும் ஒற்றை வகைப் பிறபொருளெதிரி செய்யும் முறை அங்கே பிறந்தது. டீ.என்.ஏ.யை வேகமாக வாசிக்கும் முறையை அங்கே உருவாக்கிய இருவரில் ஒருவர் சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனும் அங்குள்ள ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். இன்று அடென்புறூக்ஸ் வைத்தியசாலையும் அந்த ஆய்வுகூடமும் அஸ்ராசெனெக்கா மருந்துக் கம்பனியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

சுவிசில் உறவுள்ளவர்களுக்கு பாசல். சாயத் தொழிலிலிருந்து மருந்துக்கு வளர்ந்த ஊர். ரோஷும் நோவார்டிசும் அங்கே. ஜேர்மன் மொழி படிக்காமல் நீண்டகாலம் அங்கே வாழ்வது கடினம்.

ஓர் ஊரை ஒரு பின்னேரத்தில் வாசிப்பது

கணினியோ கைத்தொலைபேசியோ போதும். வரைபடத்தைத் திறந்து ஊரின் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் ஒரு புள்ளி போடுங்கள். பிறகு போதனா வைத்தியசாலை. பிறகு புதுக் கம்பனிகள் மேசையும் கருவியும் வாடகைக்கு எடுக்கும் கூட்டு ஆய்வுகூடம். இந்த மூன்றும் அரைமணி நேரப் பயணத்துக்குள் இல்லையென்றால், அந்த ஊர் தன் பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். அடுத்ததாக இருபது பேருக்குக் குறைந்த சிறு கம்பனிகளைத் தேடுங்கள். பெரிய கம்பனி ஒன்று மட்டும் இருக்கும் ஊரில் அது ஆட்குறைப்புச் செய்தால் உங்களுக்குப் போக இடமில்லை.

அதன்பிறகு முக்கியமான வேலை. அந்த ஊரின் வேலை விளம்பரங்களில் முப்பதை எடுத்து வாசியுங்கள். விண்ணப்பிக்க அல்ல, எண்ண. ஒவ்வொன்றிலும் கேட்கும் கைத்திறனைக் கொப்பியில் எழுதிக் கோடு போடுங்கள்: பிசிஆர் (டீ.என்.ஏ.யைப் பெருக்குவது), எலைசா (பிறபொருளெதிரி, புரதம் அறியும் சோதனை), கல வளர்ப்பு, எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளப்பது), ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை விதிகள்), பைதன் (கணினி மொழி). முப்பதாவது விளம்பரம் முடியும்போது எதற்கு அதிகக் கோடு விழுந்திருக்கிறது என்று தெரியும். என்னிடம் வந்த ஒரு மாணவி இப்படி எண்ணிப் பார்த்து, தான் படிக்க நினைத்த பாடத்தையே மாற்றினா. ஹைதராபாத் விளம்பரங்களில் தர உறுதிப்பாட்டுக்கும் எச்பிஎல்சிக்கும் கோடு நிறைந்திருந்தது. அவ படிக்க இருந்த பாடத்துக்கு மூன்றே கோடு.

பட்டியலில் கூலியை மட்டும் பார்க்காமல் வாடகையையும் எழுதுங்கள். திரள் உள்ள ஊர்களில் வீட்டு வாடகை சம்பளத்தைத் தின்னும். 2021க்குப் பிறகு இந்தத் துறையில் முதலீடு குறைந்து பொஸ்டனிலேயே பலர் வேலை இழந்தார்கள். அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள்தான் தவணை. அறுபது நாளில் அடுத்த வேலை கிடைக்கக்கூடிய ஊரா என்ற கேள்வியை அப்போது நினைத்துப் பாருங்கள்.

எந்தக் கதவால் நுழைவது

எல்லாரும் ஆராய்ச்சிக் கதவைத் தட்டுகிறார்கள். அது கலாநிதிப் பட்டக்காரருக்குத்தான் அகலமாகத் திறக்கும். பீ.எஸ்சி. மட்டும் உள்ளவருக்கு உற்பத்தியும் தரக் கட்டுப்பாடும் நல்ல கதவுகள். இந்த இடத்தில் ஒரு நுணுக்கம்: உற்பத்தி பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் இருப்பதில்லை. நிலம் மலிவாக இருக்கும் இடத்துக்கு அது போகும். மொடேர்னாவின் ஆராய்ச்சி கேம்பிரிட்ஜில், உற்பத்தி நோர்வூட் என்ற சிறு ஊரில். ஆகவே எந்தக் கதவு என்று முடிவெடுத்த பிறகே வீடு தேடுங்கள். மருத்துவப் பரிசோதனைகளை ஒருங்கிணைப்பது, அனுமதி ஆவணம் எழுதுவது போன்ற வேலைகளுக்கும் நல்ல கிராக்கி உண்டு. எங்கள் பிள்ளைகள் அவற்றை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பயோடெக் வேலை எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். உண்மையான கம்பனி வேலை தருவதற்கு உங்களிடம் காசு வாங்காது. திரளுக்கு வெகுதூரத்தில் இருக்கும் கல்லூரியின் பயோடெக் டிப்ளோமாவுக்குக் காணியை ஈடு வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் கடையில் வேலை செய்து கடன் கட்டுகிறார்கள். படித்தது கையில் இருக்கிறது, செய்ய மேசை இல்லை.

புறப்படும் முன் இங்கே செய்யக்கூடியது

இலங்கையிலும் சிறு திரள் ஒன்று உருவாகிவருகிறது. ஹோமாகம பிட்டிபனவில் நனோ தொழில்நுட்ப நிறுவனமும் உயிரியல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம், மூலக்கூற்று உயிரியல் படிக்கத் தனி நிறுவனம் உண்டு. பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் 1900இலிருந்து இயங்குகிறது. கண்டி ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகள் நிறுவனம். வடக்கில் திருநெல்வேலியில் விஞ்ஞான பீடம், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய, தொழில்நுட்ப பீடங்கள், கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம். இவற்றில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதமாவது மேசையில் நில்லுங்கள். கிருமி புகாமல் வேலை செய்யவும், பேனையால் அழிக்காமல் ஆய்வுக் குறிப்பு எழுதவும் பழகினால் போதும், எந்த ஊரிலும் மதிப்பார்கள்.

மேசை கிடைக்காவிட்டால் பனையில் கட்டும் முட்டியை எடுங்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி, தடவாவிட்டால் கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இதற்குள் முழு நொதித்தல் பாடமும் இருக்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டுவதால் மதுவமும் (ஈஸ்ட்) பற்றீரியாவும் பெருகமுடியாமல் போகின்றன. விடியற்காலையில் இறக்கிய சாற்றை இரண்டு போத்தலில் எடுத்து, ஒன்றில் சுண்ணாம்பு சேருங்கள். மணிக்கொருமுறை பிஎச் தாளால் அளந்து எழுதுங்கள். பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் ஒரு துளி வைத்து மதுவக் கலங்களை எண்ணுங்கள். பத்து மணிக்குள் ஒரு போத்தலில் மூடியைத் தள்ளும் வாயுவும், மற்றதில் அமைதியும் தெரியும். வாயு சேரும் என்பதால் மூடியை இறுக்கவேண்டாம். இப்படி ஐந்து நாள் எழுதிய கொப்பியின் படம், நூறு சான்றிதழைவிடப் பேசும். வெளியூரில் நேர்முகத்தேர்வு எடுப்பவருக்கு நீங்கள் கையால் அளந்த எண்கள்தான் தேவை.

பிறீசரும் ஐஸும் தேவைப்படாத வேலை ஒன்றும் உண்டு. டீ.என்.ஏ. வரிசைகளின் பொதுக் களஞ்சியங்கள் இலவசமாகத் திறந்திருக்கின்றன. பைதன், ஆர் என்ற கணினி மொழிகளைக் கற்று, அந்தத் தரவுகளை வைத்து வீட்டிலிருந்தே ஒரு சிறு ஆய்வு செய்யலாம். திரளுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்குத் தூரம் தடையாக இல்லாத ஒரே மேசை அதுதான் என்று நினைக்கிறேன். மின்வெட்டு வந்தாலும் குப்பி கெடாது.

பிறகு மின்னஞ்சல் எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று. ஆய்வுகூடத் தலைவரின் கட்டுரை ஒன்றை வாசித்து, அதில் ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு, உங்களுக்கு எழுந்த சந்தேகத்தை இரண்டு வரியில் கேளுங்கள். உங்களுக்குச் செய்யத் தெரிந்தவை நான்கு வரி. எப்போது வரமுடியும் என்பது ஒரு வரி. குடும்பக் கஷ்டம் எழுதவேண்டாம், ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பவேண்டாம். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவருக்குப் போங்கள்.

நேர்முகத்தேர்வில் நீங்கள் கேட்கவேண்டியது

முடிவில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா" என்று கேட்பார்கள். சம்பளத்தை அப்புறம் கேட்கலாம். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: "வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு நொதியம் முடிந்துபோனால், உங்களுக்கு எங்கேயிருந்து கிடைக்கும்?" மூன்று கிழமை காத்திருப்போம் என்று சொன்னால் எழுதி வையுங்கள். எதிர்க் கட்டடத்தில் கேட்போம், போன கிழமை நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தோம் என்று சொன்னால், அதையும் எழுதி வைத்து, அந்த எதிர்க் கட்டடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.